மூன்றாவது தாள்

வாத்தியார் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் அவர் பெயருக்குத் தபால் வருவது நிற்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் கண் பரிசோதனைக்கு வரச் சொன்னான். நூலகம், திருப்பித் தராத இரண்டு புத்தகங்களைக் கேட்டது. முழங்கால் வலிக்குத் தைலம் விற்கிற ஒருவன் 'இந்த வருடமும் மறந்துவிடாதீர்கள்' என்று படம் போட்ட அட்டை அனுப்பினான். வாத்தியாரின் மனைவி ஃபைலக்கா எல்லாவற்றையும் பிரித்துப் படித்துக் கிழித்துப் போட்டாள். செத்தவர் பெயரை ஒவ்வொரு இடமாக அடிக்க வைப்பதற்குள் தன் பெயரே தனக்கு மறந்துவிடும் போலிருந்தது.

ஃபைலக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். நோயாளிகளின் ஃபைல்கள் அடுக்கியிருக்கும் கீழ்த்தள அறைக்கு முப்பத்தோரு வருடமாக அவள்தான் பொறுப்பு. பெரிய டாக்டரிலிருந்து தள்ளுவண்டி தள்ளுகிறவர் வரைக்கும், எது காணவில்லை என்றாலும் "ஃபைலக்காவைக் கேளு" என்பார்கள். ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு மாதம் இருந்தது. இடுப்பு அதற்குள்ளேயே ரிட்டயர் ஆகிவிட்டிருந்தது.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். ஆனால் அவர் உயிரை விட்டது பூகோளத்துக்காக இல்லை, ஒரு விமானத்துக்காக. அவருடைய அம்மாவின் ஒரே தம்பி யுத்த காலத்தில் குண்டு போடுகிற விமானம் ஒன்றில் வயர்லெஸ்காரராக இருந்தார். ஒரு மார்ச் மாதம் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் போன அந்த விமானம் திரும்பி வரவே இல்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து ஏழு வீட்டுக்கும் அச்சடித்தாற்போல் ஒரே அரசாங்கக் கடிதம் வந்தது. விமானம் பாதை தவறிப் போய் மலையில் மோதியிருக்கிறது, உடல்கள் கிடைக்கவில்லை, ஆழ்ந்த வருத்தம். அவ்வளவுதான்.

தான் பிறப்பதற்கு முன்பே காணாமல் போன அந்த மாமாவை வாத்தியார் பதினெட்டு வருடம் தேடினார். ஆறு கோடை விடுமுறைகள் கடல் தாண்டிப் போய் அந்த மலையில் ஏறி இறங்கினார். கையில் உலோகம் கண்டுபிடிக்கிற கருவி, முதுகில் பை, தலையில் ஒரு கேவலமான தொப்பி. கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த வாளிக் கைப்பிடி, ஆட்டின் கழுத்து மணி, ஒரு தடவை யாரோ தொலைத்த பல்செட்டின் கம்பி. ஏழாவது கோடையில் முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது. அதன்பிறகு வீட்டிலிருந்தபடியே தேடினார். மற்ற ஆறு பேரின் குடும்பங்களைத் துருவித் துருவிக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார். நடு ஹாலில் அட்டைப்பெட்டிகள் பதினொன்று ஏறின. "உங்க ஏழு பேருக்கும் சேர்த்துச் சமைக்கட்டுமா, இல்ல நமக்கு மட்டும் போதுமா?" என்று ஃபைலக்கா கேட்பாள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார். அவள் சிரிப்பதற்காகச் சொன்னதில்லை.

பெட்டிகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, கடைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியும் ஆகிவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமைதான் நீலக் கவரில் அந்தக் கடிதம் வந்தது.

எழுத்து நடுங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, அழகாக இருந்தது.

'ஐயா அவர்களுக்கு. வருடா வருடம் விமானம் காணாமல் போன தேதிக்கு முன்னால் ஒரு வரியாவது எழுதுவீர்கள். இந்த வருடம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு எண்பத்து மூன்று ஆகிறது. கண் மங்கிக்கொண்டு வருகிறது. என் அண்ணனைப் பற்றி ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும்.'

யார் என்று ஃபைலக்காவுக்குத் தெரிந்தது. விமானத்தின் நேவிகேட்டரின் தங்கை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தத் திசையில் எத்தனை நிமிடம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்தான் நேவிகேட்டர். மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பதில் போடுவதை நிறுத்திவிட்ட பிறகும் இந்த அம்மா மட்டும் நிறுத்தவில்லை. வீட்டில் அவளுக்குக் கடிதக்காரம்மா என்றே பெயர்.

நாலு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் ஃபைலக்கா உட்கார்ந்தாள். அவர் இறந்துவிட்டார், தேடல் இன்ன இடத்தில் நிற்கிறது, இனிமேல் தேட ஆள் இல்லை, மன்னிக்கவும். 'இன்ன இடத்தில்' என்பதற்கு மட்டும் விவரம் வேண்டியிருந்தது. ஒன்றாம் எண் பெட்டியைத் திறந்தாள். மேலாகவே இருந்தது, யுத்த ஆவணக் காப்பகத்திலிருந்து வாத்தியார் கேட்டு வாங்கிய நகல், நாலே நாலு தாள். முதல் தாளில் விமானத்தின் விவரம், ஏழு பேரின் பெயர், போகிற வழி, வருகிற வழி, எஞ்சின்களின் எண்கள். இரண்டாவதில் கிளம்பின நேரமும் வானிலையும். மூன்றாவதில் மலையில் கிடந்த விமானம் பற்றிய அறிக்கை. நாலாவது, வீடுகளுக்குப் போன கடிதத்தின் பிரதி.

ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருநூறு ஃபைல் புரட்டுகிற கண் அது. படிப்பதற்கு முன்னால் பார்க்கும். முதல் தாளின் இடது மூலையில் ஸ்டேப்பிள் பின்னின் துருக்கறை, இரண்டு சின்னக் கோடாக, நகலில் கறுப்பாக விழுந்திருந்தது. இரண்டாம் தாளில் அதே இடத்தில் அதே கறை. நாலாம் தாளிலும் இருந்தது. மூன்றாவது தாளின் மூலை சுத்தமாக இருந்தது.

மறுபடி பார்த்தாள். மற்ற மூன்று தாள்களிலும் ஓரத்துத் துளைகள் இரண்டும் வட்டமாக இருந்தன. மூன்றாவதில் துளைகள் கிழிந்து, நூல் கோர்த்து இழுத்த தடம் தெரிந்தது. இது அவள் பிழைப்பு. முப்பத்தோரு வருடத்தில் இந்த மாதிரி எத்தனை பார்த்திருப்பாள்! மேஜைமேல் இரண்டு ஃபைல் திறந்து கிடக்கும், யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போய்த் திரும்பி வந்து தாளை மாற்றிச் சொருகிவிடுவார்கள். ஒரு முறை சர்க்கரையே இல்லாத மனுஷன் ஒருவர் மூன்று மாதம் இனிப்பைத் தொடாமல் இருந்தார். உண்மையில் சர்க்கரை இருந்த ஆள் அந்த மூன்று மாதமும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மூன்றாவது தாள் இந்த ஃபைலைச் சேர்ந்ததே இல்லை. அப்படியானால் அந்த மலையும் இவர்களுடையது இல்லை. பதினெட்டு வருடம், ஆறு கோடை, இரண்டு முழங்கால். எல்லாம் வேறு யாரோ விழுந்த இடத்தில்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முதலில் அவர் மேல். பிறகு ஒரு ஞாபகம் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் இதே தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதைக் கொஞ்சம் பாரேன், உன் கண்ணுக்கு ஏதாவது தட்டுப்படுதான்னு" என்றார். "ஆபீஸ்ல ஃபைல், வீட்டுக்கு வந்தாலும் ஃபைலா? ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது ஃபைலக்கா, "பேப்பர்காரரை ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"ஏம்மா? அப்பா பைத்தியம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"பைத்தியமில்ல. ஒரு தாள் இடம் மாறியிருக்கு. அதை எடுத்து உரிய இடத்துல வெக்கணும். என் வேலை அது."

*

காப்பகம் ரயிலில் ஆறு மணி நேரம். ஒரு நாள் லீவு போட்டுப் போனாள். போகிற வழியெல்லாம், எதற்கு இந்த வேண்டாத வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். தேடினவர் போயாயிற்று. தேடப்பட்டவர்கள் எப்போதோ போயாயிற்று. நடுவில் இவள் ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வகுப்புப் பெட்டியின் பலகையில்.

படிக்கும் அறை ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று மப்ளர் கட்டியிருந்தார். ஃபைலக்கா மனசுக்குள் அவருக்கு மப்ளர்காரர் என்று பெயர் வைத்தாள். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இந்த ஃபைல் எழுபது வருஷமா இங்க இருக்கு. இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

"குறை சொல்ல வேண்டியவங்க எல்லாம் மேல போயிட்டாங்க சார். அசலை ஒரு தடவை காட்டுங்க. நான் சொல்றது தப்புன்னா அடுத்த ரயிலைப் பிடிச்சுப் போயிட்டே இருக்கேன்."

அசல் வந்தது. நகலில் சந்தேகம் இருந்த இடத்தில் அசலில் சந்தேகமே இல்லை. மூன்று தாள் ஒரு நிறம், ஒரு தாள் வேறு நிறம். ஸ்டேப்பிள் பின் எப்போதோ உதிர்ந்து, துரு மட்டும் மூலையில் மிச்சமிருந்தது. மப்ளர்காரர் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அதே நாள் வேற விமானம் ஏதாவது திரும்பாம போச்சா சார்?"

"இருங்க." பேரேட்டைப் புரட்டினார். "ஒண்ணு போயிருக்கு. அடுத்த நம்பர் ஃபைல்."

"பக்கத்து ஃபைல்தானே? அதை எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் ஒரே மேஜையில வெச்சுப் பார்த்திருக்காங்க. யாரோ கூப்பிட்டிருப்பாங்க."

இரண்டாவது ஃபைல் நூல் கோர்த்துக் கட்டியிருந்தது. அதில் மூன்றாவது தாள் மட்டும் நூலில் சேராமல் தனியாக நின்றது. அதன் இடது மூலையில் இரண்டு சின்னத் துருக்கோடுகள்.

படிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் ஒரு விமானம் விழுந்தது. உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். பின்னாலேயே வந்த எதிரி விமானம் சுட்டது, இடது பக்கம் தீப்பிடித்தது, கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது சேற்றில் இறங்கி அமிழ்ந்துவிட்டது. நாலு உடல்கள் கிடைத்தன. அடையாளம் தெரியவில்லை. பக்கத்து ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். பிறகு சேற்றிலிருந்து எஞ்சின் துண்டு ஒன்று எடுக்கப்பட்டது. அதில் ஒரு எண்.

மப்ளர்காரர் அந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார். ஃபைலக்கா தன் கையிலிருந்த முதல் தாளில் எஞ்சின் எண்களின் வரிசையில் விரலை ஓட்டினாள். மூன்றாவது எஞ்சினில் விரல் நின்றது.

"மறுபடி சொல்லுங்க சார். மெதுவா, ஒவ்வொண்ணா."

ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு இலக்கமும் ஒத்துப் போயின. யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. இரண்டு பேரும் வேலை செய்து களைத்த ஆட்கள் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்கள்.

"அப்ப மலையில கிடந்தது அந்த இன்னொரு விமானம்" என்றார் மப்ளர்காரர். "அது எரிஞ்சு போச்சு, நம்பர் எதுவும் கிடைக்கலன்னு எழுதியிருக்கு. அதான் யாருக்கும் ஒத்துப் பார்க்கத் தோணல. சேத்துல எடுத்த நம்பரையும் அந்த ஃபைலோட முதல் தாளோட யாரும் சரிபார்க்கல."

"இந்த மலைத் தாள்ல பென்சில்ல 'பாதை தவறியதால்'னு ஓரத்துல எழுதியிருக்கே, அது யார் எழுதினது?"

"யாரோ ஒரு குமாஸ்தா. கையெழுத்துகூட இல்ல."

"ஆதாரம்?"

"ஒண்ணும் இல்ல. மலையில இருந்துச்சு, வழியில மலை இல்ல, அதனால வழி தவறியிருக்கும்னு நினைச்சு எழுதியிருப்பார். கடிதம் எழுதினவர் அதையே எடுத்துப் போட்டுட்டார்."

ஒரு பென்சில் வரி. அது ஏழு வீட்டுக்கு அச்சடித்துப் போயிருக்கிறது. ஃபைலக்கா முதல் தாளில் எழுதியிருந்த திரும்புகிற வழியைப் பார்த்தாள். அந்த முகத்துவாரத்தின் பெயரே அதில் இருந்தது. அதைத் தாண்டிக் கடல், கடல் தாண்டி வீடு.

மப்ளர்காரர் இரண்டு ஃபைலையும் மூடி வைத்தார். பிறகு, "ஒரு சங்கடம் இருக்கு அம்மா" என்றார். "அந்த இன்னொரு விமானத்துக்காரங்க வீட்டுல ரெண்டு குடும்பம் வருஷா வருஷம் அந்தச் சதுப்பு நிலத்துக் கல்லறைக்குப் போய்ப் பூ வெச்சுட்டு வர்றாங்க. அவங்க பிள்ளைங்கதான் அங்க இருக்காங்கன்னு நம்பி. இங்கயிருந்துதான் விலாசம் வாங்கிட்டுப் போனாங்க."

அதுவரை ஃபைலக்கா அந்த இன்னொரு விமானத்து ஏழு பேரை நினைக்கவே இல்லை.

"யார் சொல்றது அவங்களுக்கு?"

"நான்தான் சொல்லணும். அது உங்க தலையில இல்ல, என் தலையில." மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "சொல்லாம விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, மறைக்க மாட்டேன்."

"எனக்கும் ரயில்ல வரும்போது தோணுச்சு. ஒரு காரியம் மட்டும் பண்ணுங்க சார். தாளை மாத்தி வெக்கும்போது அந்தப் பென்சில் வரியும் அவங்க ஃபைலுக்குப் போயிடும். அந்த விமானத்து நேவிகேட்டரும் யாரோ பெத்த பிள்ளைதான். வழி தவறினான்னு அவன் தலையில இப்ப எழுத வேண்டாம்."

"அழிக்க முடியாதும்மா. சட்டம் இடம் குடுக்காது."

"அழிக்கச் சொல்லல. பக்கத்துல ஒரு குறிப்பு போடுங்க, ஆதாரம் இல்லாம எழுதினதுன்னு. தேதி போட்டு, உங்க கையெழுத்தோட."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து அவள் கண் முன்னாலேயே எழுதினார்.

*

திருத்தத்துக்கு மேலிடத்து ஒப்புதல் வர நாலு மாதம் ஆயிற்று. ஒரு கடிதம் போயிற்று, அது கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம் வந்தது, கிடைத்துவிட்டது என்று இன்னொன்று வந்தது. ஃபைலக்கா பகலில் ஆஸ்பத்திரி ஃபைல்களோடும் சாயங்காலம் இந்தக் கடிதங்களோடும் மல்லுக்கட்டினாள். கடிதக்காரம்மாவுக்கு ஏற்கெனவே, வாத்தியார் காலமான சேதியையும், 'ஒன்று கிடைத்திருக்கிறது, உறுதியானதும் நேரில் வருகிறேன்' என்பதையும் மட்டும் எழுதியிருந்தாள். முத்திரை போட்ட திருத்தக் கடிதம் வந்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

கடிதக்காரம்மா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அறை, மூலையில் சமையல் மேடை, சரியாக மூடாத ஒரு ஜன்னல், அதன் சந்தில் மடித்துச் செருகிய செய்தித்தாள். டீ போட்டுத் தயாராக வைத்திருந்தாள், ஆனால் இன்னும் ஊற்றவில்லை.

"படிச்சிடும்மா. எனக்குக் கண்ணு தெரியல. டீ ஆறினா ஆறட்டும்."

ஃபைலக்கா படித்தாள். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் படித்துக்காட்டுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, குரலில் ஒன்றும் கலக்காமல் படித்தாள். கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துத் திறந்தார்கள்.

"கடல் எவ்வளவு தூரம் இருந்துச்சு?" என்றாள் கடிதக்காரம்மா.

"விமானத்துல ரெண்டு நிமிஷம். எங்க வீட்டுக்காரரோட மேப்புல அளந்து பார்த்தேன்."

"வழி?"

"கோட்டு மேலயே இருந்திருக்காங்கம்மா. ஒரு விரக்கடைகூட விலகல."

"அப்ப அவன் கணக்கு சரி."

"சரிதான்."

கடிதக்காரம்மா காலிக் கிளாசை எடுத்து மறுபடி வைத்தாள்.

"பைலட்டோட அம்மா எங்கம்மாவுக்கு ஒரு வரி எழுதினாங்க. அந்த அரசாங்கக் கடிதாசி வந்த வாரம். 'என் பிள்ளைக்கு ஓட்டத் தெரிஞ்சது, உன் பிள்ளைக்கு வழி தெரியல.' அவ்வளவுதான். கையெழுத்துகூடப் போடல. எங்கம்மா அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் வாயே திறக்கல. மூணாம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. எனக்கு அப்ப பதினாறு வயசு. கையெழுத்து நல்லா இருக்கும். 'எங்கள் பிள்ளை செய்த தவறை மன்னித்துக்கொள்ளுங்கள்'னு ஆறு வீட்டுக்கும் எழுத வெச்சாங்க. ஆறு கடிதாசி. நான்தான் எழுதினேன். கடைசிக் கடிதாசி எழுதறப்போ பார்க்காமலே எழுத வந்துடுச்சு."

பெட்டியில் பழுப்பேறின அப்படி ஒரு கடிதத்தைப் பார்த்த ஞாபகம் ஃபைலக்காவுக்கு வந்தது. மாமியார் பத்திரமாக வைத்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"எங்கம்மா நம்பினாங்க, அது வேற" என்றாள் கடிதக்காரம்மா. "நானும் நம்பினேன். அவன் என்னைவிட ஒன்பது வயசு பெரியவன். எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவனே அவன்தான். ஒரு தப்பு விட்டா முழுப் பக்கத்தையும் மறுபடி போட வெப்பான். அவனா தப்பு பண்ணுவான்னு எனக்கு ஒரு தடவைகூடத் தோணல பாரு. அரசாங்கம் சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன். எழுபது வருஷம். எக்ஸ்சேஞ்சில யாராவது அண்ணன் இருக்கானான்னு கேட்டா இல்லன்னு சொல்லிடுவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஃபைலக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் ஒரு தடவை அந்தத் தாளை என்கிட்ட நீட்டினார். நான் பார்க்கமாட்டேன்னுட்டேன். அன்னைக்கே பார்த்திருந்தா உங்களுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அவர் முழங்காலும் மிச்சமாகியிருக்கும்."

கடிதக்காரம்மா மங்கின கண்ணால் அவளை உற்றுப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சு வந்த நேரமா?"

"ஆமா."

"அப்ப யாரும்தான் பார்க்கமாட்டாங்க" என்றாள். பிறகு, "அந்த டீயைச் சுட வெச்சுக் குடும்மா. தொண்டை காஞ்சு போச்சு" என்றாள்.

கிளம்பும்போது ஃபைலக்கா, "மத்த வீடுகளுக்கு எழுதட்டுமா? பைலட் வீட்டு விலாசம் பழசு ஒண்ணு இருக்கு" என்று கேட்டாள்.

"நான் எழுத மாட்டேன். ஆறு கடிதாசி எழுதினது போதும். நீ எழுதறதுன்னா எழுது. திட்டி எழுதாத. அந்த அம்மாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவதான்."

ஃபைலக்கா எழுதினாள். ஆறு வீட்டில் ஒன்று வாத்தியார் வீடு, அதாவது அவளே. மீதி ஐந்தில் மூன்று கடிதங்கள் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. விமானத்தின் பின்பக்கத் துப்பாக்கிக்காரரின் பேத்தி நாலு வரி நன்றி எழுதினாள். பைலட் வீட்டிலிருந்து மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கே போன் வந்தது. பைலட்டின் தம்பி மகன், தச்சு வேலை செய்கிறவர். பின்னால் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க எழுதினது நிஜமா?"

"முத்திரை போட்ட நகல் வெச்சிருக்கேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன்." ரம்பம் நின்றது. "எங்க அப்பா சாகிறவரைக்கும் அந்த நேவிகேட்டரைத் திட்டிக்கிட்டே இருந்தார். சின்ன வயசுல நாங்க வழி தவறி லேட்டா வீட்டுக்கு வந்தா, அந்த ஆளோட பேரைச் சொல்லித்தான் எங்களைத் திட்டுவார். எங்க வீட்டுல அது ஒரு வசவு. இப்ப நான் என்ன பண்றது?"

"அந்த நேவிகேட்டரோட தங்கச்சி இருக்காங்க. விலாசம் வேணும்னா தர்றேன்."

பதிலுக்குக் காத்திராமல் ஃபைலக்கா விலாசத்தைச் சொன்னாள். எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. போன் வைத்துவிட்டார்.

காப்பகத்திலிருந்து மப்ளர்காரரும் ஒரு நாள் கூப்பிட்டார். தாள்கள் இடம் மாறிவிட்டன, சதுப்பு நிலத்துக் கல்லறையில் ஏழு பெயர்களோடு ஒரு பலகை வைக்கப் போகிறார்கள், சேற்றைத் தோண்ட மாட்டார்கள். வாத்தியாராக இருந்தால் அடுத்த கப்பலிலேயே கிளம்பியிருப்பார். ஃபைலக்காவுக்கு அந்த எண்ணமே இல்லை. மூன்றாம் மாடி ஏறினதற்கே நாலு நாள் இடுப்பு வலித்தது.

"அந்த ரெண்டு குடும்பத்துக்கும் சொல்லிட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன். ஒரு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. இன்னொரு வீட்டுல, இந்த வருஷத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சு, எப்பவும் போல போயிட்டு வந்துடறோம்னு சொன்னாங்க. அங்க இருக்கறவங்களுக்கும் யாராவது பூ வெக்கணுமேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

மழைக்காலம் தொடங்கின வாரம் கடிதக்காரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கடிதம் எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை, அதனால் போன். குரலில் எரிச்சலா சிரிப்பா என்று புரியவில்லை.

"நீ யாரை அனுப்பி வெச்ச?"

"நான் யாரையும் அனுப்பலையே."

"ஒரு ஆள் வந்தான். அம்பது வயசு இருக்கும். பைலட்டோட தம்பி பிள்ளைன்னு சொன்னான். உட்காருன்னேன், உட்கார்ந்தான். டீ குடுத்தேன், குடிச்சான். ஒரு வார்த்தை பேசல. அரை மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் கீழே போய்ப் பையை எடுத்துட்டு வந்து, அந்த ஜன்னல் கதவைக் கழற்றி, இழைச்சு, திருப்பி மாட்டினான். செருகி வெச்சிருந்த பேப்பரையெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டான். போறப்போ வாசல்ல நின்னு, 'எங்க வீட்டுல எல்லாரும் தப்பாப் பேசிட்டோம்'னான். போயிட்டான்."

"ஜன்னல் இப்ப சரியா மூடுதா?"

"மூடுது. ரொம்ப இறுக்கமா மூடுது. நேத்து முழுக்கத் திறக்க முடியல, மூச்சு முட்டுச்சு. மழை நின்னா மரம் சுருங்கும், அப்ப சரியாயிடும்னு சொல்லியிருக்கான். இல்லன்னா வந்து பார்க்கிறானாம்."

"வரட்டும்மா."

"வரட்டும்" என்றாள் கடிதக்காரம்மா. "அடுத்த தடவை வந்தா பேச வெக்கிறேன். அவன் பெரியப்பாவைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். அண்ணன் எழுதின கடிதாசில எல்லாம் அந்த ஆளைப் பத்தித்தான் இருக்கும். நல்லா ஓட்டுவாராம்."

கீழ்த்தளத்து மணி அடித்தது. அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து யாரோ ஒரு ஃபைலைக் காணோம் என்று தேடி வந்திருந்தார்கள். ஃபைலக்கா போனை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.